எண்பத்தஞ்சைத் தாண்டாத முள்

வாங்க தம்பி, இந்தப் பக்கம் நிழலுக்கு வாங்க. செருப்போட வரலாம், வண்டிக்குள்ள ஏறும்போது மட்டும் கழட்டிருங்க. எம்பொண்ணு போட்ட விளம்பரத்தைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க? 'பழைய கேம்பர் வேன், அவசர விற்பனை'ன்னு போட்டிருப்பா. அவசரம் எனக்கு இல்லீங்க, அவளுக்கு. நான் முப்பத்தோரு வருசம் சாயப்பட்டறையில பாய்லர் பாத்தவன். பாய்லர்காரன் அவசரப்பட்டான்னா பட்டறை மிஞ்சாது.

உக்காருங்க. ஸ்டார்ட் பண்ணியும் காட்டுறேன், ஒரு ரவுண்டு ஓட்டியும் காட்டுறேன். ஆனா அதுக்கு முன்னாடி வண்டிக் கதையை நீங்க கேட்டாகணும். உங்களுக்கு முன்னாடி ஆறு பேரு வந்தானுங்க. ஒருத்தன் டயரை உதைச்சுப் பாத்தான். ஒருத்தன் படுக்கையில உருண்டு பாத்தான். இன்னொருத்தன் உள்ள நின்னு போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பி, அவ சரின்னா வாங்கிக்கிறேன்னான். ஆறு பேரையும் அனுப்பிட்டேன். இஞ்சினைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காதவன் கையில வண்டியைக் குடுக்கிறதுக்கு நான் என்ன கிறுக்கனா?

உங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்லை. இன்னைக்குப் பதினோரு மணிக்கு எம்பொண்ணு கௌசல்யா ஓசூர்ல இருந்து கார் எடுத்துட்டு வர்றா. அதுக்குள்ள வண்டி இந்த வாசலை விட்டுப் போயிருந்தா அவ அம்மா இங்கயே இருக்கலாம். வண்டி நின்னுச்சுன்னா அம்மாவை ஏத்திட்டுப் போயிருவா, அப்புறம் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டாளாம். பெத்த அப்பனுக்குக் கெடு வெக்கிறா. காலேஜுக்குக் கொண்டுபோய் விட்டதும் கூட்டியாந்ததும் நானு. அதெல்லாம் யாரு நெனைச்சுப் பாக்குறாங்க?

அதோ ஜன்னலுக்கு உள்ள உக்காந்திருக்கிறதுதான் எங்கூட்டுக்காரி, சம்பூர்ணம். கும்பிட்டீங்கன்னா தலையாட்டுவா, கொஞ்ச நேரங்கழிச்சு ஆட்டுவா. பேச்சு இப்பச் சரியா வராதுங்க. கையும் நடுங்கும். மடியில தண்ணி பாட்டில் வெச்சிருக்கா பாருங்க, அதைக் கீழ வெக்கவே மாட்டா. தூங்குறப்பக்கூடப் பக்கத்துல அதுதான். மே மாசத்துல இருந்து புடிச்ச பழக்கம். டாக்டரு, 'அதனால ஒண்ணுமில்லை, விட்டுருங்க'ன்னாரு. விட்டுட்டோம்.

எனக்கு மனத்தாங்கல் ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. இந்த வண்டியை நான் வாங்குனதே அவளுக்காகத்தான். அதை மட்டும் யாரும் சொல்றதில்லை.

ஒரு ஜெர்மன்காரன் எழுபத்தொம்பதுல அவங்க ஊர்ல இருந்து தரை வழியாவே ஓட்டிட்டு வந்த வண்டி இது. கொடைக்கானல்ல போய் நிறுத்துனவன், மலை புடிச்சுப் போச்சு, அங்கயே இருந்துட்டான். அவன் செத்ததுக்கப்புறம் பேரிக்காய் மரத்தடியில இருவது வருசம் கெடந்துச்சு. கடைசியா வத்தலக்குண்டுல ஒரு பழைய இரும்புக் கடைக்கு வந்து, நாளைக்கு வெட்டப் போறோம்ங்கிற நெலமையில நான் பாத்தேன். நான் அங்க போனது பட்டறைக்கு ஒரு பழைய கேட் வால்வு வாங்க. பாத்த ஒடனே முடிவு பண்ணி, அட்வான்ஸ் குடுத்து வெட்டாம நிறுத்தி வெச்சுட்டேன். ரிட்டயராகி அடுத்த மாசமே லாரியில ஏத்திக் கொண்டாந்து இங்க எறக்கிட்டேன்.

கல்யாணமான புதுசுல சம்பூர்ணத்துகிட்ட, 'உன்னைக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லியிருந்தேனுங்க. முப்பத்தி நாலு வருசம் ஆகியும் நான் அதை மறக்கலை. எத்தனை ஆம்பளைங்க அப்படி நெனப்பு வெச்சிருப்பாங்க, சொல்லுங்க. வண்டி வந்து எறங்குனதும், 'பாரு, உனக்காகத்தான்'னேன். அவ சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "ஏனுங்க, காலையில பஸ் ஸ்டாண்டுல இருந்து கொடைக்கானலுக்கு நேரா பஸ்ஸே போகுதுங்களே"ன்னா. பொம்பளைங்க புத்தி பாத்தீங்களா? தங்கத்தைக் கொண்டாந்து வெச்சாலும் கவரிங் கடை எங்கன்னு கேப்பாங்க.

பாடி வேலையெல்லாம் நம்ம கரூர்ல சொல்லவே வேண்டாம், பஸ்ஸுக்குப் பாடி கட்டுற ஊரு. ரெண்டே மாசத்துல புதுசு மாதிரி ஆக்கிட்டாங்க. கட்டில், சின்ன அடுப்பு, கை கழுவுற தொட்டி, எல்லாம் இருக்குது. அவ பக்கத்து ஜன்னல் கண்ணாடி மட்டும் ஏத்தி எறக்குற கம்பி ஒடைஞ்சு போயிருந்துச்சு. அந்த சாமானம் எங்கயும் கெடைக்கலை. சரின்னு கண்ணாடியை மேல தூக்கி சிலிகான் வெச்சு ஒட்டிட்டேன். தூசி வராது, மழை வராது. கச்சிதமா இருக்குது, போறப்பப் பாருங்க.

பிரச்சினை எல்லாம் கூலிங்லதான் தம்பி. இஞ்சின் சூடு. பத்து நிமிசம் நின்ன இடத்துல ஓடுனாலே முள் நூத்தைத் தாண்டிரும். நானும் விடலை. ரேடியேட்டரைக் கழட்டி ஆரோக்கியசாமின்னு, பைபாஸ்ல கடை வெச்சிருக்கான், அவன்கிட்டக் குடுத்து, ஒவ்வொரு குழாயிலயும் கம்பி விட்டுக் குத்தி அடைப்பெடுத்தாச்சு. ஒழுகுன இடமெல்லாம் ஈயம் பத்த வெச்சாச்சு. ஹோஸ் அஞ்சும் புதுசு. வாட்டர் பம்புக்கு சீல் கெடைக்காம கோயமுத்தூர்ல ஒரு லேத்துல சொல்லிக் கடைஞ்சு போட்டேன். நாலு றெக்கை ஃபேனை எடுத்துட்டு டிராக்டர் ஃபேன், ஆறு றெக்கை, அதைப் பொருத்துனேன். அந்த நாலு மாசம் நான் வீட்டுக்குள்ள தூங்க மட்டுந்தான் போனேன். சம்பூர்ணம் இங்க வாசல்லயே தட்டைக் கொண்டாந்து வெப்பா. அப்ப அவளுக்குக் கை நல்லா இருந்துச்சு.

அப்புறம் இஞ்சின்ல ஒரு வால்வு. தெர்மோஸ்டாட்டுன்னு சொல்லுவாங்க. தண்ணி போற வழியில இருக்கும், பித்தளையில, நடுவுல ஸ்பிரிங் வெச்சு, கைக்கு அடக்கமா. இஞ்சின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி விடாம மூடிட்டு நிக்கும். நம்ம ஊர்ல எந்த மெக்கானிக்கும் முதல் வேலையா அதைத்தான் கழட்டி வீசுவான். குளிர் நாட்டுக்காரன் இஞ்சின் சீக்கிரம் சூடாகணும்னு வெச்சது, நமக்கு எதுக்கு? டிவியில தெனமும் சொல்றாங்கல்ல, இன்னைக்கு அதிகமா வெயில் அடிச்சது கரூர் பரமத்தின்னு. பரமத்திக்காரனுக்கு இஞ்சினைச் சூடாக்க ஒரு வால்வா?

நானே ஸ்பேனரைப் போட்டுக் கழட்டுனேன். ஆரோக்கியசாமி பக்கத்துல நின்னுட்டு, "அண்ணா, இந்த இஞ்சின்ல தண்ணிக்கு ரெண்டு வழி இருக்குதுங்க. இந்த வால்வு தொறக்கறப்ப குறுக்கு வழியை அடைக்கும் போல இருக்குது. எடுத்துட்டீங்கன்னா தண்ணி ரேடியேட்டருக்கே போகாம அங்கயே சுத்தும். எதுக்கும் போட்டே ஓட்டுங்க"ன்னான். நான் கேட்டேன், "ஏப்பா, நீ எத்தனை வருசமா ரேடியேட்டர் பாக்குற?" பதினெட்டு வருசம்னான். "நான் முப்பத்தோரு வருசமா பாய்லர் பாத்தவன். கொதிக்கிற தண்ணியைப் பத்தி எனக்கு நீ சொல்லாத"ன்னேன். வால்வை அந்த வேப்பமரத்தடியில வீசிட்டேன்.

அதை இவ பொறுக்கிட்டுப் போயிருக்கா. எதையும் விடமாட்டா, ஆணி கெடந்தாலும் எடுத்து வெப்பா. புளி போட்டுத் தேய்ச்சு, சுடுதண்ணியில அலசியிருக்கா. அடுத்த நாள் நான் பல்லு வெளக்கிட்டு இருக்கறப்ப ஒரு கிண்ணத்தைக் கொண்டாந்து காட்டுறா. "ஏனுங்க, இதைப் பாருங்களே. சுடுதண்ணியில போட்டா தானா வாயைத் தொறக்குதுங்க. தண்ணி ஆறுனா மூடிக்குது. எதுக்கோ இருக்குது. போட்டுருங்களே"ன்னா. ஏதோ குழந்தைப் புள்ளை பொம்மை காட்டுற மாதிரி மொகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு எப்படி இருக்கும்? ரேடியேட்டர்காரன் சொன்னான், இப்ப அடுப்படியும் சொல்லுது. "சாம்பார் கொதிக்குதா பாரு, போ. இஞ்சின் கொதிக்கிறதை நான் பாத்துக்கிறேன்"னேன். கிண்ணத்தை எடுத்துட்டுப் போயிட்டா. எங்க வெச்சான்னு நான் கேக்கலை. அவளும் சொல்லலை. இதை ஞாபகம் வெச்சுக்குங்க தம்பி, எங்க வெச்சான்னு அவ சொல்லலை.

வால்வு இல்லாம ஓட்டிப் பாத்தேன். வெள்ளியணை வரைக்கும் போயிட்டு வந்தேன், பொழுதோட, காத்து குளிர்ச்சியா இருந்துச்சு. முள் தொண்ணூறுல நின்னுச்சு. போதும்னு நாள் குறிச்சுட்டேன்.

கத்திரி வெயில் ஆரம்பிச்சு ரெண்டாவது வாரம். சம்பூர்ணம் காலைல அஞ்சு மணிக்கே கெளம்பலாம்னா. புதுசா ஒரு ஸ்வெட்டர் வாங்கி வெச்சிருந்தா, மெரூன் கலரு. அதை மடிச்சு மடியில வெச்சுட்டு ஆறு மணிக்கே சீட்டுல ஏறி உக்காந்துட்டா. எனக்கு ஹோஸ்ல காத்துப் புடிச்சிருக்கிற மாதிரி ஒரு சந்தேகம். அதை எடுத்து, ஏர் அடைப்பு இல்லைன்னு பாத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, கெளம்பறப்ப பத்தரை. அது வரைக்கும் எறங்காம உக்காந்திருந்தா. அவ்வளவு ஆசை அவளுக்கு.

பெரிய ரோட்டுல போனா போலீசு நிறுத்துவான், நம்பர் பேப்பர் எல்லாம் அப்ப முழுசா ஆகலை. அதனால உள் ரோடு, குஜிலியம்பாறை வழி. இந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம், கவனிச்சீங்களா? முன்னாடி போற லாரியை முந்தணும்னா எதுக்க வர்றது எனக்குத் தெரியாது. வலது பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளு பாத்துச் சொல்லணும். அது அவ வேலை. 'வருதா?'ன்னு நான் கேட்டா, 'வருதுங்க', 'வரலீங்க'ன்னு சொல்லணும். நல்லாச் சொன்னா. முதல் முப்பது கிலோமீட்டர் ஒரு குத்தம் சொல்ல முடியாது.

வெள்ளியணை தாண்டி முதல் கொதி. முள் நூத்திப் பத்து. ஓரங்கட்டி முக்கா மணி நேரம் நின்னோம், ஒரு மரம் இல்லை. ரெண்டு கேன் தண்ணி ரேடியேட்டருக்குன்னு கொண்டு போயிருந்தேன், ஒண்ணு காலி. பாளையம் தாண்டி மறுபடியும் கொதி. ரெண்டாவது கேனும் காலி. அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. சொன்னா நீங்களே அசந்துருவீங்க.

குளிர் நாட்டு வண்டியாச்சே, உள்ள ஹீட்டர் இருக்குது. இஞ்சின்ல கொதிக்கிற தண்ணியை டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு சின்ன ரேடியேட்டருக்குக் கொண்டாந்து, ஃபேன் வெச்சு உள்ள ஊதும். அதைத் தொறந்து விட்டா இஞ்சின் சூடு கொஞ்சம் வெளிய வந்துரும். பாய்லர்ல அழுத்தம் ஏறுனா நீராவியைத் தொறந்து விடுவோம்ல, அதே கணக்கு. முழுசாத் தொறந்து, ஃபேனை ரெண்டுல வெச்சேன். பாருங்க தம்பி, கண்ணு முன்னாடி முள் நூத்தி அஞ்சுல இருந்து தொண்ணூத்தஞ்சுக்கு எறங்குச்சு. எந்த மெக்கானிக்குக்கு வரும் இந்த மூளை?

ஹீட்டர் வாய் அவ கால்கிட்ட இருக்குது. அது நான் வெச்சதில்லை, ஜெர்மன்காரன் வெச்சது. "ஏனுங்க, காலு எரியுதுங்க"ன்னா. "காலை மேல தூக்கி வெச்சுக்க"ன்னேன். சம்மணம் போட்டு உக்காந்துட்டா. கொஞ்ச நேரங்கழிச்சு, "மூச்சு முட்டுதுங்க, இந்த ஜன்னல் தொறக்காதுங்களா"ன்னா. அதான் ஒட்டிட்டேனே, அவளுக்கே தெரியும். என் பக்கத்து ஜன்னல் முழுசாத் தொறந்துதான் இருந்துச்சு, காத்து வந்துட்டுத்தான் இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் தெரியலையே.

மூணாவது தடவை நின்னப்ப பின்னாடி ஒரு டவுன் பஸ் வந்துச்சு. நாங்க பேனட்டைத் தொறந்து நிக்கிறதைப் பாத்துட்டு டிரைவரே நிறுத்திட்டான். கண்டக்டர் எட்டிப் பாத்து, "அம்மா வர்றீங்களா, திண்டுக்கல்ல எறக்கி விட்டர்றோம்"ன்னான். இவ எங்கையைப் புடிச்சுட்டு, "நான் பஸ்ஸுல வந்தர்றனுங்க. ஸ்டாண்டுல உக்காந்திருக்கிறேன், நீங்க பையப் பைய வாங்க"ங்கிறா. சொந்த வண்டியில, அதுவும் இப்படி ஒரு வண்டியில, பொண்டாட்டியைக் கூட்டிட்டுக் கெளம்பிட்டு, பாதியில டவுன் பஸ்ஸுல ஏத்தி விட்டா என்ன பேசுவாங்க? பஸ்ஸுல இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியா பாத்துட்டு இருக்கானுங்க. "அதெல்லாம் வேண்டாம், நீங்க கெளம்புங்க"ன்னு கண்டக்டரை அனுப்பிட்டேன். அவ பஸ் போற திசையையே பாத்துட்டு நின்னா. "உனக்காகத்தானடி இவ்வளவும்"னேன். மறுபடி ஏறி உக்காந்துட்டா.

ஏறுனா ஆச்சா? ரேடியேட்டர்ல தண்ணி குறையுது, கேன் ரெண்டும் காலி, சுத்தி எங்கயும் ஒரு வீடு இல்லை. அவகிட்ட குடிக்கிற தண்ணி பாட்டில்ல பாதி இருந்துச்சு. கேட்டேன். குடுத்தா. பலவந்தமெல்லாம் இல்லீங்க, கேட்டேன், அவளாத்தான் குடுத்தா. ஊத்திட்டுக் காலிப் பாட்டிலை அவ கையிலயே திருப்பிக் குடுத்துட்டேன், வழியில எங்கயாச்சும் புடிச்சுக்கலாம்ல. அதை வாங்கி மடியில ஸ்வெட்டர் மேல வெச்சுக்கிட்டா.

அதுக்கப்புறம் வண்டி ஓடுச்சு பாருங்க. ஹீட்டரும் ஓடுது, முள் தொண்ணூத்தி ரெண்டுல நட்டு வெச்ச மாதிரி நிக்குது. உச்சி வெயில்ல அப்படி நின்னது நாலு மாசத்துல முதல் தடவை. எனக்குப் பாட்டுப் பாடலாம் போல இருந்துச்சு. முன்னாடி ஒரு செங்கல் லாரி. "வருதா?"ன்னேன். "வருது... வரல"ன்னா. ரெண்டுல எது? "ஒழுங்காச் சொல்லு"ன்னேன். பதிலே இல்லை. கோவிச்சுக்கிட்டான்னு நெனைச்சேன், பஸ்ஸுல விடலைன்னு. அப்படித்தான், கோவம் வந்தா பேச மாட்டா. திரும்பி ஒருக்கா பாத்தேன். மொகம் செவந்து கெடந்துச்சு, ஆனா வேர்வை சுத்தமா நின்னு போயிருந்துச்சு. சரி, சூடு பழகிருச்சுன்னு விட்டுட்டேன். லாரி பின்னாடியே ஒம்பது கிலோமீட்டர் போனேன், அவ சொல்லாததால முந்தவே முடியலை.

எரியோடு ஊருக்கு முன்னால ஒரு டீக்கடை. ரேடியேட்டருக்குத் தண்ணி கேட்டேன். கடைக்காரம்மா ரெண்டு பக்கெட் கொண்டாந்தா. அவ வண்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டுக் கத்துன கத்தல் இருக்கே, அடுப்புல பால் பொங்குறதைக்கூட விட்டுட்டு அத்தனை பேரும் ஓடி வந்துட்டாங்க. சம்பூர்ணம் சாஞ்சு கெடந்தா, கண்ணு மேல சொருகிக் கெடந்துச்சு. அந்த ரெண்டு பக்கெட் தண்ணியையும் அவ மேல ஊத்திட்டாங்க, தம்பி. இஞ்சினுக்குன்னு நான் கேட்டு வாங்குன தண்ணி. சீட்டு பூராவும் நனைஞ்சு, கரூர்ல புதுசாப் போட்ட குஷன், இன்னும் ஒரு வாடை வருது, நீங்களே பாருங்க.

நூத்தியெட்டு வந்துச்சு, ஏத்திட்டுப் போனாங்க. நான் கூடப் போகலை. அதைத்தான் எம்பொண்ணு பெருசாச் சொல்லிட்டுத் திரியறா, "அம்மாவைத் தனியா அனுப்பிட்டாரு"ன்னு. எப்படிப் போறது? வண்டிக் கதவுக்கு அப்பப் பூட்டே போடலை. நடு ரோட்டுல விட்டுட்டுப் போக முடியுமா? இஞ்சின் ஆறட்டும்னு இருந்து, தண்ணி ஊத்தி, பின்னாலயே போய்ச் சேந்துட்டேன். ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு வெளியவே ஒரு மரத்தடி கெடைச்சுது, நிறுத்த வசதியா.

பத்தொம்பது நாள். கஷ்டமெல்லாம் அவ மட்டும் படலை, நானுந்தான் பட்டேன். ஆஸ்பத்திரி கேன்டீன் சாப்பாடு. மூளைக்குச் சூடு ஏறிருச்சு, இனிமே பேச்சும் நடையும் இப்படித்தான் இருக்கும்னுட்டாங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுல டாக்டரே எழுதியிருக்காரு தம்பி, வெயில் தாக்கம்னு. வெயில்னுதான் எழுதியிருக்காரு, ஹீட்டர்னு எழுதலை. பொண்ணுகிட்டக் காட்டுனேன். "அப்பா, பக்கத்துல உக்காந்திருக்கிற அம்மாவைப் பாக்கலையா நீங்க?"ங்கிறா. ரோட்டைப் பாக்கணும், முள்ளைப் பாக்கணும். எனக்கு இருக்கிறது ரெண்டு கண்ணு. மாப்பிள்ளையும் கூட நின்னுட்டு என்னைக் கொலைகாரனைப் பாக்குற மாதிரி பாக்குறாரு. மே மாசம் எத்தனையோ பேருக்கு வெயில் அடிக்குது.

இப்பக் கேளுங்க, முக்கியமான சேதி. வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் சமையல் எம்பாடு. ஒரு நாள் டீ வடிகட்டியைத் தேடி அலமாரியில கைய விடுறேன், ஏலக்காய் டப்பாவுக்குப் பின்னாடி ஒரு வெள்ளைத் துணியில சுத்தி, என்னமோ கனமா. பிரிச்சா, அந்த வால்வு. தங்கமாட்டம் மின்னுது. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. சட்டியில தண்ணியைக் காய வெச்சு, பட்டறையில இருந்து கொண்டாந்த தெர்மாமீட்டரை வெச்சுப் பாத்தேன். எண்பது வரைக்கும் கம்முனு இருந்துச்சு. எண்பத்தி மூணுல மெல்ல வாயைத் தொறந்துச்சு. தொறக்கறப்ப அந்த அடித் தட்டு எறங்கி வந்து குறுக்கு வழியை அடைக்குது. நானே கண்டுபுடிச்சேன், ஒருத்தர் சொல்லிக் குடுக்கலை. மாட்டி ஓட்டுனேன், அதுவும் ஆடி மாசத்து நட்ட நடு மத்தியானத்துல. முள் எண்பத்தஞ்சு. மேட்டுல எண்பத்தஞ்சு, பள்ளத்துல எண்பத்தஞ்சு. ஆரோக்கியசாமிக்கு போன் போட்டுச் சொன்னேன். "அன்னைக்கே சொன்னனுங்களே"ன்னான். வெச்சுட்டேன்.

யோசிச்சுப் பாருங்க. நாங்க நடு ரோட்டுல வெந்துட்டு நிக்கிறப்ப, அந்த வால்வு இவ அலமாரியில துணி சுத்தித் தூங்கிட்டு இருந்திருக்குது. ஒரு வார்த்தை, 'இங்க வெச்சிருக்கேன்'னு சொல்லியிருந்தா? அவளையே கேட்டேன். கட்டில்ல உக்காந்திருந்தா. வால்வைக் காட்டி, "இதை ஏண்டி ஒளிச்சு வெச்ச? இது இருந்திருந்தா உனக்கு இப்படி ஆகியிருக்குமா?"ன்னேன். என்னையே பாத்துட்டு இருந்தா. வாய் ஏதோ அசைஞ்சுது, ஒண்ணும் வெளங்கலை. பதில் இருந்தாத்தானே வரும்.

நான் அதைப் பெருசு பண்ணலை. யாருகிட்டயும் சொல்லக்கூட இல்லை. எம்பொண்ணுகிட்டச் சொன்னா அம்மா மேல இருக்கிற மரியாதை போயிரும். இப்ப உங்ககிட்டத்தான் சொல்றேன்.

சரி, நீங்க சொல்லுங்க. வண்டியை வாங்கி எங்க ஓட்டுறதா உத்தேசம்?

ஓட்டப் போறதில்லையா?

ஏற்காட்டுல ரிசார்ட்டு. சரி. மரத்தடியில கல்லு மேல தூக்கி நிறுத்தி, வர்றவங்க தங்குற மாதிரி. சரி. அப்ப இஞ்சின்? கழட்டிருவீங்களா? எடம் அடைக்குதா? ரேடியேட்டர் இருக்கிற எடத்துல ஏசி வெப்பீங்களா?

தம்பி, இவ்வளவு நேரம் நான் யாருகிட்டப் பேசிட்டு இருந்தேன்?

இல்லை, வேண்டாம், சொல்லாதீங்க. கேட்டதைக் குடுத்துருவீங்க, தெரியுது. கயிறு கட்டி இப்பவே இழுத்துட்டுப் போயிருவீங்க, பதினோரு மணிக்கு முன்னாடியே வாசல் காலியாயிரும், தெரியுது. சம்பூர்ணமும் இங்கயே இருப்பா. அதெல்லாம் எனக்குக் கணக்குத் தெரியாமலா? ஆனா எண்பத்தஞ்சைத் தாண்டாத ஒரு இஞ்சினைக் கழட்டி எடைக்குப் போட எனக்கு மனசு வராதுங்க. மனசுன்னு ஒண்ணு இருக்குதுல்ல மனுசனுக்கு.

அதோ, கார் வந்துருச்சு. அவதான். சொன்ன மணிக்கு வந்துருவா, அதுல மட்டும் என்னை மாதிரி. என்னைப் பாக்காமயே உள்ள போறா பாருங்க. போகட்டும். பையெல்லாம் நேத்தே கட்டி வெச்சாச்சு, மெரூன் ஸ்வெட்டரையும் மேல வெச்சிருக்கா அவ அம்மா. ஓசூரு குளிரும்ல.

நீங்க கெளம்பாதீங்க. வாங்காட்டிப் போகுது, ஒரு ரவுண்டு வந்து பாத்துட்டாவது போங்க. இருங்க, ரேடியேட்டர் மூடியைத் தொறந்து பாத்துக்கிறேன். எடுக்கறதுக்கு முன்னாடி பாக்குறது பழக்கம். ம், ஒரு விரக்கடை கொறையுது. ரெண்டு முழுங்கு இருந்தாப் போதும்.

நல்லதாப் போச்சு, அவளே படி எறங்கி வர்றா, பொண்ணு கையைப் புடிச்சுட்டு. சம்பூர்ணம், இங்க வா. அந்தப் பாட்டிலைக் குடு, ரெண்டு முழுங்கு ஊத்திக்கிறேன். கௌசல்யா, நீ சும்மா இரு, நான் உங்கம்மாகிட்டக் கேக்கறேன். குடு.

பாருங்க, நின்னுட்டா. நான் சொன்னா நிப்பா. மூடியைத் திருகுறா. கை நடுங்குதுல்ல, நேரமாகும், நாம நிக்கலாம். ஆச்சு, தொறந்துட்டா. குடு.

என்ன பண்றா இவ? குடிக்கிறா. முழுங்குறது அவளுக்குச் செரமம் தம்பி, ஒவ்வொரு வாயா வெச்சு நிறுத்தி நிறுத்தித்தான் எறங்கும். போதும் சம்பூர்ணம். பாதியாச்சும் வெய்யி. நான் கையை நீட்டிட்டு நிக்கிறேன், எம்மூஞ்சியவே பாத்துட்டுக் குடிக்கிறா பாருங்க. தாடையில வழியுது, தொடைக்கக்கூட இல்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் அண்ணாந்துட்டா.

இந்தா, காலிப் பாட்டிலை எங்கையில குடுத்துட்டுக் காருல ஏறிட்டா.

பாத்தீங்களா தம்பி? நீங்கதான் சாட்சி. முப்பத்தி நாலு வருசத்துக்கு ரெண்டு முழுங்கு தண்ணி. இதைத்தான் நான் மனத்தாங்கல்ங்கிறேன், சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

சரி, கார் திரும்பட்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நான் போய்க் குழாயில புடிச்சுட்டு வந்தர்றேன். நீங்க அதுக்குள்ள ஏறி அவ சீட்டுல உக்காருங்க. ஜன்னலைத் தொறக்கப் பாக்காதீங்க, அது தொறக்காது. நீங்க முள்ளை மட்டும் பாத்துட்டு இருங்க.